ஊர்க் கம்பளியில் ஒரு விசாரணை

வாடை அடிக்குதா தம்பி? நெத்திலிக் கருவாடு. மூணு பையில போட்டுக் கட்டியும் அடிக்குதுன்னா கருவாடு நல்ல கருவாடுன்னு அர்த்தம். பஸ் சன்னலை நல்லாத் தொறந்துக்கங்க. வெள்ளக்கரட்டு வெலக்கு ஸ்டாப்புல எறங்கிருவேன், ஒரு மணி நேரம் பொறுத்துக்கங்க. இது எனக்கில்ல, என் வீட்டுக்காரிக்கு. பொறந்த வீட்டுக்குப் போயி இன்னையோட ஒம்பது நாளாச்சு. கூப்பிடத்தான் போறேன்.

சண்டையான்னு கேக்குறீகளா? சண்டைன்னா ரெண்டு பேரும் பேசணும்ல? நான் பேசுனேன். அவ ஒண்ணும் பேசல, பொட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. இதுக்கு என்ன பேரு வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. நீங்க படிச்சவுக மாதிரி இருக்கீக, பூராத்தையும் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. எம் பேருல தப்பிருந்தா சொல்லுங்க. இருக்காது, இருந்தாலும் சொல்லுங்க.

என் பேரு சென்றாயன். தாவளப்பட்டி, மலையடிவாரம். எங்க ஊருக்கு நான் கம்பளிக்காரன். கம்பளி விக்கிறவன் இல்ல தம்பி, அப்படித்தான் எல்லாரும் நெனைக்கிறாக. ஊர்க் கம்பளியை வச்சிருக்கவன்.

எங்க ஊர்ல ஒரு வழக்கம். ஆட்டைக் காணோம், வரப்பை வெட்டிட்டான், வாய்க்கால் தண்ணியைத் திருப்பிட்டான், எதுன்னாலும் பூவரச மரத்தடியில கருங்கம்பளியை விரிப்போம். சொல்ல வேண்டியவுக அதுல உக்காந்துதான் சொல்லணும். அதுல உக்காந்தா பொய் வராது. வரக்கூடாது. போலீஸ் ஸ்டேசன்ல வாய்கூசாமப் புளுகிட்டு வந்தவன்கூட எங்க கம்பளியைப் பாத்தா ரெண்டடி தள்ளி நின்னுக்குவான். அதை விரிக்கிறது, மடிக்கிறது, பூச்சி அரிக்காம வேப்பெல போட்டுப் பெட்டியில வைக்கிறது எல்லாம் என் வேலை. எங்கய்யா பாத்தாரு, அவருக்குப் பெறகு நான். சம்பளம் கிம்பளம் கெடையாது. ஆனா கம்பளியைத் தோள்ல போட்டுக்கிட்டுத் தெருவுல வந்தேன்னா உக்காந்திருக்க ஆளுக எந்திரிக்கும். அது போதும்ல ஒரு மனுசனுக்கு?

கம்பளியை விரிக்கலாம், அதுல உக்காரலாம். போர்த்த மட்டும் கூடாது. பெரியதனக்காரர்னு எங்க ஊர்த் தலைவர் ஒருத்தர் இருக்காரு, அவரே குளிருதுன்னு கேட்டாலும் குடுக்கக் கூடாது. போர்த்துனது தெரிஞ்சா கம்பளிக்காரனை மாத்திருவாக. எப்ப மாத்துவாகன்னு என் பங்காளி பொம்மையன் பதினஞ்சு வருசமாக் காத்துக்கிட்டு இருக்கான்.

இன்னொண்ணும் இருக்கு. மூணு வருசத்துக்கு ஒருக்கா, ஐப்பசியில, மலைமேல சுனைக்குக் கொண்டுபோயி அலசிக் காயவச்சுக் கொண்டாரணும். புருசன் பொண்டாட்டி சோடியாத்தான் போகணும். பெறகு கார்த்திகை மொத நாளு ஊர்க்கூட்டம், அன்னைக்கும் சோடியா நின்னு விரிக்கணும். பொண்டாட்டி இல்லாதவனுக்கு இந்த வேலையும் இல்ல. கார்த்திகைக்கு இன்னும் நாலு நாளு இருக்கு தம்பி. இவ அண்ணன் வீட்டுல சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டா நான் யாரோட சேந்து விரிக்கிறது, பொம்மையனோடயா?

சரி, மலைக்குப் போன கதைக்கு வாரேன்.

அன்னைக்கு விடியக்காலம் கெளம்புனோம். பட்டினி. கம்பளியை அலசி, காயவச்சு, மடிச்சுத் தோள்ல போடுற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது. வீரசின்னு வாசல்ல நின்னு மேக்க பாத்தா. வீரசின்னம்மா, அதான் என் வீட்டுக்காரி. "மேகம் எறங்கிக் கெடக்கு மாமா. நாளைக்குப் போவமே"ன்னா. நான் சொன்னேன், "ஒங்கப்பன் ஆட்டுக்காரன், மேகத்தைப் பாத்துப் பயப்படுவான். நான் கம்பளிக்காரன்டி." சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. அவ உள்ள போயி ஒரு தார்ப்பாயும் சாக்கும் எடுத்துட்டு வந்தா. சாமி காரியத்துக்குச் சாக்குத் தூக்கிட்டு வருவியான்னு பிடுங்கித் திண்ணையில… இல்ல, மாட்டுக்கொட்டாய்ல போட்டேன். அதை இப்ப அவுக அண்ணன்கிட்டச் சொல்லியிருக்கா. எதைச் சொல்றதுன்னு ஒரு இது வேணாமா?

நான் கஞ்சி போட்ட வேட்டி, வெள்ளைச் சட்டை. மலையில யாரு பாக்கப் போறான்னு கேப்பீக. கம்பளி பாக்கும்ல!

பத்து மணிக்குச் சுனைக்குப் போயிட்டோம். அலசுனோம். பாறையில விரிச்சோம். வெயிலு சுள்ளுன்னு இருந்துச்சு. ஒரு மணிக்கெல்லாம் முக்காவாசி காஞ்சிருச்சு. அவ, "மாமா, எறங்கிருவோம், காத்து மாறுது"ன்னா. முக்காவாசி காஞ்சதை எப்படி மடிக்கிறது? ஈரத்தோட மடிக்கக் கூடாது, அதுவும் ஒரு முறை. "காயட்டும்"னு சொல்லிட்டு நான் ஓரமாத் துண்டை விரிச்சுப் படுத்தேன். தூங்கல. கண்ணை மூடியிருந்தேன்.

மூஞ்சியில சொத்துன்னு ஒரு சொட்டு விழுந்துச்சு. எந்திரிச்சுப் பாத்தா எதுக்க இருந்த மலையைக் காணோம். அம்புட்டுப் பெரிய மலை தம்பி, துடைச்சு எடுத்த மாதிரி காணோம். மூடுபனியும் மழையும் ஒண்ணா வந்துச்சு. அவ நான் எந்திரிக்கிறதுக்கு முந்தியே கம்பளியைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு நிக்கிறா. ஈரத்தோட சுருட்டிட்டியேன்னு நான் அங்கயே ஆரம்பிச்சேன். "நடங்க"ன்னா. ஒரே வார்த்தை.

வழியில ஒரு ஓடை. காலையில கணுக்கால் தண்ணி, பாறையில கால் வச்சுத் தாண்டிப் போனோம். இப்பப் பாத்தா யானையையே உருட்டிட்டுப் போற மாதிரி செவப்பா வருது. "நில்லுங்க"ன்னா. நான் நிக்கல. நின்னா என்ன மருவாதி? எறங்குனேன். கால் லேசா வழுக்குச்சு. லேசாத்தான். அவ என் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்துக் கரையில போட்டுட்டா. சட்டை கிழிஞ்சது கிழிஞ்சதுதான், இன்னும் தைக்கல. சட்டைப்பையில இருந்த தீப்பெட்டி கூழாப் போச்சு. தலையில இருந்து கால் வரைக்கும் தொப்பலா நனைஞ்சு போனேன். போட்ட கஞ்சி பூரா கரைஞ்சு வேட்டி தொடையில ஒட்டிக்கிச்சு.

கொஞ்சம் மேல ஒரு பாறை கூரை மாதிரி நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கடியில என்னை இழுத்துட்டுப் போனா. மழை விழாது, காத்து மட்டும் ஊசி ஊசியா வரும். அங்க அவ பண்ணுன அழிச்சாட்டியத்தைக் கேளுங்க.

மொதல்ல சருகையும் காஞ்ச புல்லையும் பாறை இடுக்குல இருந்து கைகையா அள்ளிக் கீழ போட்டா. குருவி கூடு கட்டுற மாதிரி. "கீழ இருந்துதான் மாமா மொதல்ல குளிரு ஏறும். பாறை உசிரைக் குடிச்சிரும்"னா. பெறகு என் பக்கம் திரும்பி, "அவுத்துப் போடுங்க"ன்னா.

"என்னத்தை?"

"வேட்டி, சட்டை ரெண்டையும். நூல் துணி நனைஞ்சா ஒடம்புச் சூட்டை உறிஞ்சிரும்."

அய்யோ தம்பி, எனக்கு அம்பத்தெட்டு வயசு. நான் கம்பளிக்காரன். "மாட்டேன்"னேன். அவ கேட்டா பாருங்க ஒரு கேள்வி: "இங்க யாரு இருக்கா, நீங்க வெக்கப்பட?" கேட்டுட்டு அவளே உருவிட்டா. பட்டாபட்டி டிராயரோட நின்னேன். பல்லு ரெண்டு வரிசையும் மோதி டகடகடகன்னு அடிக்குது. குளிர்ல இல்ல, கோவத்துல.

அப்பறம் கம்பளியோட ஒரு முனையை எங்கையில குடுத்து, "பிழிங்க"ன்னா. ஆளுக்கொரு முனையைப் பிடிச்சு முறுக்கு முறுக்குன்னு முறுக்குனோம். தண்ணி கொட்டுச்சு. உதறுனா. பாதியைச் சருகு மேல விரிச்சா. மீதிப் பாதியைத் தூக்கி… தம்பி, எனக்கு அப்பத்தான் விசயம் வெளங்குச்சு. "அடியேய், போர்த்தப் போறியா!"ன்னு கத்துனேன். "ஊர்க் கம்பளிடி! வேலை போயிரும்டி!"

"உசிரு போனா வேலையை யாரு பாப்பா, பொம்மையனா?"ன்னா.

"நனைஞ்ச கம்பளியைப் போர்த்துனா இன்னும் குளிருமே, கூறு கெட்டவளே"ன்னேன்.

"எங்கப்பா மழையில ஆட்டோட மூணு நாளு நின்னாரே, எதைப் போர்த்திக்கிட்டு நின்னாருன்னு நெனச்சீக, பட்டுச்சேலையையா? கம்பளி நனைஞ்சாலும் சூட்டை விடாது மாமா. ஆடு நனையலையா? ஆடு செத்தா போகுது?"

ஆட்டையும் என்னையும் ஒரே தட்டுல வச்சுட்டா. நான் அதையும் பொறுத்துக்கிட்டேன். என்னை முன்னால குந்தவச்சு, பின்னால அவ உக்காந்து, ரெண்டு கையாலயும் என்னைக் கட்டிக்கிட்டு, கம்பளியைத் தலையோட மழைக்குப் போடுற கொங்காணி மாதிரி இழுத்து முன்னால மூடிட்டா. மூக்கு மட்டும் வெளிய. ஆட்டு வாடை. நனைஞ்ச கம்பளி வாடை எப்படி இருக்கும்னு தெரியுமா? இந்தக் கருவாடு சந்தனம் தம்பி, சந்தனம்.

கொஞ்ச நேரத்துல எனக்கு நடுக்கம் நின்னுபோச்சு. நல்லாக் கவனிங்க, இதுதான் முக்கியம். நடுக்கம் நின்னுபோச்சு. குளிரே இல்ல. ஒடம்பு லேசாயிருச்சு. சுகமா தூக்கம் வந்துச்சு. இதமா இருக்குன்னுகூடச் சொன்னேன். கம்பளியை எடு, புழுக்கமா இருக்குன்னேன். அப்ப எனக்குக் குளிருச்சுன்னு எப்படிச் சொல்ல முடியும்? நீங்களே சொல்லுங்க. ஆனா அவ தூங்க விடல. தொடையைப் பிடிச்சுக் கிள்ளுனா பாருங்க, இன்னும் கன்னிப்போயிக் கெடக்கு. பஸ்சுல காட்ட முடியாது.

கிள்ளிட்டுக் கேட்டா: "மாமா, எதுல உக்காந்திருக்கீக?"

"கம்பளியில."

"அதுல உக்காந்தா?"

"உண்மைதான் பேசணும்."

"அப்பக் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எங்கண்ணன் மகளுக்குக் காது குத்துனப்ப வயித்தால போகுதுன்னு வராம இருந்தீகளே, நெசமா?"

இடி இடிக்குது, ஓடை பொங்கிப் போகுது, இவ காது குத்துனதைக் கேக்குறா! அது ஆறு வருசத்துக் கதை. மறுபடி கிள்ளுனா. "தேனிக்கு சினிமாப் பாக்கப் போனேன்"னு சொல்லிட்டேன். என்ன பண்றது? கம்பளியில உக்காந்தாச்சு, நான்தான் கம்பளிக்காரன், நானே பொய் சொல்லலாமா?

சரி, விட்டுட்டாளேன்னு கண்ணை மூடுனா அடுத்தது. "எந்தங்கச்சி வீட்டுக்காரரு எடுத்துக் குடுத்த கட்டம்போட்ட சட்டையை ஆத்துல விட்டுட்டேன்னீகளே?"

"ஆத்துல விடல."

"அப்ப எங்க?"

"சோளக்கொல்லைப் பொம்மைக்கு மாட்டிவிட்டேன்."

"நெனச்சேன்"னா. "அந்தப் பொம்மையைப் பாக்குறப்பல்லாம் எங்கயோ பாத்த ஆளா இருக்கேன்னு நெனச்சேன். தூங்காதீக. ஏ மாமா! பொண்ணு பாக்க வந்தீகளே, அன்னைக்கு என்னையப் பாக்கவே இல்ல, தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்தீக. எங்காத்தா எம்புட்டு அடக்கமான மாப்பிள்ளைன்னு சொல்லிச் சொல்லிப் பூரிச்சுச்சு. என்னத்தைப் பாத்துக்கிட்டு இருந்தீக?"

"கட்டிலுக்கடியில ஒங்கப்பனோட நாயி படுத்திருந்துச்சு. என் காலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

அவ சிரிச்சா தம்பி. அந்த மழையில சிரிச்சா. ஆனா கிள்ளுறதை நிறுத்தல. நான் என்ன சொன்னேன்னு அப்பறம் எனக்கே நெனவில்ல. என்னமோ கேட்டா, என்னமோ சொன்னேன். நாக்கு தடிச்சுப்போயி, கள்ளுக் குடிச்சவன் மாதிரி கொழறுச்சுன்னு சொல்றா. எனக்கு அப்படித் தோணல. கடைசியாக் கேட்டது மட்டும் நல்லா நெனவிருக்கு. அதைக் கேட்டிருக்கக் கூடாது. பொண்டாட்டின்னா எதையும் கேட்டுரலாமா?

என் கெண்டைக்கால்ல ஒரு தழும்பு இருக்கு. இந்தா, பாருங்க. இது எப்படி வந்துச்சுன்னு நெனைக்கிறீக? கரடி. பதினேழு வருசமா எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும், கரடி கிழிச்சதுன்னு. கரடி சென்றாயன்னுதான் எம் பேரே. மேல தோட்டத்துக்குக் காவலுக்குப் போனப்பக் கரடி வந்துச்சு, நான் கம்பை ஓங்குனேன், அது என் காலைக் கிழிச்சது, நான் அதோட மூக்குல போட்டேன், அது ஓடிருச்சு. எத்தனை பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருப்பேன்! பள்ளிக்கூடத்து வாத்தியாரே ஒருக்கா கூப்பிட்டுச் சொல்லச் சொன்னாரு.

"கால்ல கிழிச்சது எது?"ன்னா.

"கரடி"ன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். கம்பளியில உக்காந்திருக்கேன். வாயி வரல. "வான்கோழி"ன்னேன்.

ஆமா தம்பி. சிரிங்க, பரவால்ல. எஸ்டேட்டுக்காரரு ஒருத்தரு வான்கோழி வளத்தாரு. அது அவ்வளவு பெருசு. நெஞ்சைத் தூக்கிக்கிட்டு, செவப்பு மூஞ்சியை ஆட்டிக்கிட்டு வெரட்டுச்சு. முள்ளுக்கம்பி வேலியைத் தாண்டுறப்ப மாட்டிக்கிட்டேன். நீங்க வான்கோழியைக் கிட்டப் பாத்திருக்கீகளா? பாத்துட்டுச் சிரிங்க.

பொழுது சாயுற நேரத்துல தண்ணி வடிஞ்சுச்சு. கீழ இருந்து ஆளுக கயித்தோட ஏறி வந்தாக. மொத ஆளா யாரு வந்தான்னு நெனைக்கிறீக? பொம்மையன். எங்களைப் பாத்ததும் அவன் மூஞ்சியில வெளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம். "ஊர்க் கம்பளியைப் போர்த்தியிருக்காகப்பா!"ன்னு கத்துனான். நாங்க உசிரோட இருக்கோமான்னு அதுக்கப்பறந்தான் பாத்தான். என்னை ரெண்டு பேரு தோள்ல கைபோட்டுக் கூட்டிட்டு வந்தாக. வெந்நியும் கருப்பட்டிக் காப்பியும் குடுத்தாக. ரெண்டு நாளு படுத்துக் கெடந்தேன். சும்மா அசதி.

வெள்ளிக்கெழம காலையில கூட்டம். கம்பளியைப் பத்தி விசாரிக்க அதே கம்பளியை நானே விரிக்கிறேன், எப்படி இருக்கும் எனக்கு? ஊரே கூடிருச்சு. பால்காரன்கூடப் பால் ஊத்தப் போகாம வந்து உக்காந்துட்டான். பெரியதனக்காரர் வீரசின்னுவை உக்காரச் சொன்னாரு.

"ஊர்க் கம்பளியைப் போர்த்துனியா தாயி?"

"பாதியை விரிச்சேன். பாதியைப் போர்த்துனேன்."

"ஒத்துக்கிட்டா!"ன்னு பொம்மையன் எந்திரிச்சான். "கம்பளிக்காரனை மாத்து!"

அவ அவனைத் திரும்பிக்கூடப் பாக்கல. பெரியதனக்காரரையே பாத்துக் கேட்டா: "மாமா, கம்பளியை விரிச்சு ஆள் உக்காந்தாச்சுன்னா அதுக்குப் பேரு என்ன?"

"விசாரணை."

"விசாரணை நடக்குறப்ப மழை வந்தா எந்திரிக்கலாமா?"

"முடியிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

"அப்ப மழைக்கு என்ன செய்யிறது? கம்பளியை இழுத்து மேல போட்டுக்கிட்டுத்தான உக்காந்திருக்கணும்?"

 அந்த மாதிரி ஒரு நெலம எங்க ஊர்ல வந்ததே இல்ல. பெரியதனக்காரர் தாடியைச் சொறிஞ்சாரு. "சரித்தான். ஆனா விசாரணைன்னா கேள்வி கேட்டு, பதில் வந்திருக்கணுமே தாயி. அங்க விசாரணை நடந்துச்சா?"

"நடந்துச்சு."

"யாரு கேட்டா?"

"நான்."

"என்ன கேட்ட, இவரு என்ன சொன்னாரு? ஒவ்வொண்ணாச் சொன்னாத்தான நம்புறது?"

தம்பி, அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. நான் வேணாம், வேணாம்னு தலையை ஆட்டுறேன். வேலை போனா போகுது, சொல்லாதன்னு கையெடுத்துக் கும்புடாத கொறை. அவ ஒண்ணொண்ணா ஆரம்பிச்சா. சினிமா. சட்டை. நாயி. ஒவ்வொண்ணுக்கும் சனம் சிரிக்குது. கடைசியில வான்கோழி.

பூவரச மரத்துல இருந்த காக்கா பூரா பறந்துபோச்சு, அப்படி ஒரு சிரிப்பு. பெரியதனக்காரரு துண்டை வாயில வச்சுக்கிட்டுக் குலுங்குறாரு. "விசாரணை நடந்திருக்கு. இப்படி ஒரு பதிலை எவனும் சும்மா சொல்லியிருக்க மாட்டான். கம்பளிக்காரனை மாத்த வேண்டியதில்ல"ன்னு தீர்ப்புச் சொல்லிட்டாரு. வேலை நெலச்சுருச்சு. ஆனா மானம்? இப்ப நான் தெருவுல வந்தா ஆளுக எந்திரிக்கத்தான் செய்யுதுக, ஆனா வாயைப் பொத்திக்கிட்டு எந்திரிக்குதுக. சின்னப்பயலுக பின்னாலயே வந்து கொளகொளகொளன்னு கத்துறானுக. பதினேழு வருசம் காப்பாத்துன கரடி தம்பி!

அதோட முடிஞ்சிருந்தாக்கூடப் பரவால்ல. பெரியதனக்காரரு கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "ஏன் தாயி, இடியும் மழையுமா இருக்குறப்ப எதுக்கு இந்தக் கேள்வியெல்லாம் கேட்ட?"ன்னாரு.

அவ சொன்னா, "தூங்கிட்டா போயிருவாருன்னு பயந்தேன் மாமா. நடுக்கம் நின்னுபோச்சு. கை ரெண்டும் கட்டையாயிருச்சு. சாமியைக் கும்புட்டுப் பாத்தேன், அவருக்குக் கண்ணு சொருகுது. எதையாவது கேட்டாத்தான் ரோசத்துல முழிச்சிருப்பாருன்னு கேட்டேன்."

 பொம்பளைக முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்துதுக. எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள வான்கோழி கொத்திக்கிட்டே இருக்கு. எல்லாரும் என்னைய ஒரு மாதிரி பாவமாப் பாக்குறாக. கரடியை அடிச்சவன்னு பாத்த கண்ணெல்லாம் இப்ப ஐயோ பாவம்னு பாக்குது. பொறுக்க முடியல. எந்திரிச்சு நின்னு, "பொய்! எனக்குக் குளிரவே இல்ல. கம்பளியில உக்காந்து பொய் சொல்றா"ன்னு சொல்லிட்டேன்.

எங்க ஊர்ல அது சின்ன வார்த்தை இல்ல தம்பி. கம்பளியில பொய் சொன்னான்னு ஒரு ஆளைப் பாத்துச் சொன்னா, அவன் செத்தாக்கூட அந்தப் பேரு போகாது. சொன்ன ஒடனே எனக்கே பகீர்னுச்சு. ஆனா சொன்னதைத் திருப்பி வாங்குறதா? அவ எந்திரிச்சா. கம்பளியை நாலா மடிச்சா, மடிப்பு ஒரு நூலு விலகல. எங்கையில குடுத்தா. மறுநா மொத பஸ்சுக்குப் போயிட்டா.

ஒம்பது நாளு. உப்பு எந்த டப்பாவுல இருக்குன்னு தெரியல. ஒரு நாளு காப்பியில போட்டது சோடா உப்பு. அவுக அண்ணன் போன் போட்டாரு. "வாங்க மச்சான், சாப்பிட்டுப் போங்க. ஆனா அவளைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா, அவ சொன்னது உண்மைன்னு அவ மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க. ஒரு வார்த்தைதான்"னாரு. ஒரு வார்த்தையாம். நான் எப்படிச் சொல்றது? எனக்குக் குளிரலையே! இல்லாததை இருந்துச்சுன்னு சொன்னா அது மட்டும் பொய் இல்லையா? அதனால நான் என்ன முடிவு பண்ணியிருக்கேன்னா, கருவாட்டைக் குடுத்துட்டு, போனது போகட்டும் வான்னு கூப்பிட்டுப் பாக்குறது. குளிரைப் பத்தி நானா பேச்செடுக்கிறது இல்ல.

அவளா எடுத்தா? எடுத்தா எங்கிட்டச் சாட்சி இருக்கு. யாருகிட்டயும் இதுவரைக்கும் சொல்லல, ஒங்ககிட்டத்தான் சொல்றேன். கேளுங்க. எனக்கு அங்க குளிரலங்குறதுக்கு என்ன சாட்சின்னா, மழைத்தண்ணியே எனக்குச் சூடா இருந்துச்சு. ஆமா! கடைசி நேரத்துல, பிடரியில, இந்தா இந்த எடத்துல, சொட்டுச் சொட்டா விழுந்துச்சு. வெதுவெதுன்னு. காதோரமா எறங்கி வாயில பட்டுச்சு, உப்புக் கரிச்சுச்சு. நான் அவகிட்டயே சொன்னேன், "ஏய், பாத்தியா, மழையே சூடாயிருச்சு"ன்னு. அவளும், "ஆமா மாமா, சூடாயிருச்சு"ன்னா. அவ வாயாலயே சொன்னா! அப்பறம் என்ன குளிரு?

என்ன தம்பி? என்ன கேட்டீக?

எந்த மழையா? பேஞ்ச மழைதான். இல்ல, பாறைக்கு அடியில மழை விழாதுன்னு நான்தான் சொன்னேன். சொன்னேன்ல. தலைக்கு மேல கம்பளியும் இருந்துச்சு, ஆமா. அவ மூஞ்சி எந்தலை மேலதான் இருந்துச்சு. தாடையை எம் பிடரியில அழுத்திக்கிட்டு…

மழை உப்புக் கரிக்குமா தம்பி?

கரிக்காதுல்ல.

முப்பத்தோரு வருசம் ஆச்சு கல்யாணம் பண்ணி. அவ அழுது நான் பாத்ததே இல்ல. அவுகப்பா செத்தப்பக்கூட ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டா. கேள்வி கேக்குறப்ப சிரிச்சுக்கிட்டுத்தான கேட்டா. நாயைச் சொன்னதுக்குச் சிரிச்சாளே. நான் சூடா இருக்குன்னு சொன்னதுக்கு, ஆமா மாமான்னு சொன்னாளே. கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்திருக்கா, எனக்குத் தெரியல. ஊருக்கு நடுவுல நின்னு அவளைப் போயி…

இந்தா, வெலக்கு வந்திருச்சு. ஏப்பா கண்டக்டரே, நிறுத்துப்பா, எறங்கணும்! இருங்கப்பா, வயசான காலு, பைய எறங்க விடுங்க. வாரேன் தம்பி. சொல்லிருவேன். வாசல்ல செருப்பைக் கழட்டுறதுக்கு முந்தியே சொல்லிருவேன். குளிருச்சு வீரசின்னு, செத்திருப்பேன், நீ சொன்னதுதான் உண்மைன்னு. அவ கதவைத் தொறக்கலேன்னா தெருவுல நின்னு சொல்லுவேன். நாலு பேரு கேட்டா கேக்கட்டும்.